வளைவுப் படியில் ஏறிய நாற்காலி

எங்கள் வீட்டு மாடிப்படி வளைந்திருப்பதற்கு நான்தான் காரணம். வேறு யார் மேலும் பழி போட முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியபோது பிளானை நானே வரைந்தேன். ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. நாள் முழுக்க போல்ட்டையும் நட்டையும் வரைந்து சலித்தவன். சொந்த வீட்டிலாவது கொஞ்சம் அழகு வேண்டாமா? வராண்டாவின் ஓரத்தில் கிளம்பி, சுவரை ஒட்டி அரைவட்டமாகத் திரும்பி மேலே போகிற மாதிரி படியை வரைந்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "நேரா போட்டா என்னவாம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

கட்டிய மேஸ்திரிக்கும் வளைவு பிடிக்கவில்லை. "இன்னா சார், பஸ் திரும்புற மாதிரி வளைச்சிகினு போறீங்க" என்றார். ஆனாலும் நன்றாகவே கட்டினார். படி முடிந்த அன்று கீழிருந்து ஏறிக்கொண்டே ஒவ்வொரு படிக்கும் "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்" என்று எண்ணினார். நம் பக்கத்தில் படியை அப்படித்தான் எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். நான் வரைந்ததோ பதினெட்டுப் படி. பதினெட்டு என்றால் நஷ்டம். மேஸ்திரி மேலே நின்றுகொண்டு, ஏதோ துக்கச் செய்தி சொல்ல வந்தவர் போல என்னைப் பார்த்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், படி முடிகிற இடத்தில் மாடித் தரையை மூன்று அங்குலம் உயர்த்திப் பத்தொன்பதாவதாக ஒரு குட்டிப் படி போட்டிருந்தார். "இப்ப லாபத்துல நிக்கிது சார்" என்றார். நான் சிரித்துவிட்டு அந்த விஷயத்தை அன்றே மறந்துவிட்டேன்.

மாடியில் என் மனைவி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்தாள். பன்னிரண்டு மெஷின்கள், காலை ஆறு மணியிலிருந்து பேட்ச் பேட்சாகப் பிள்ளைகள். சேலையூரிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் சைக்கிளில் வருவார்கள். லோயர், ஹையர், தமிழ், இங்கிலீஷ் என்று எல்லாம் உண்டு. அவள் கீழே சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மேலே கேட்கும் சத்தத்தை வைத்து, "ஏழாவது மெஷின்ல இருக்கிறவன் கீபோர்டைப் பார்த்து அடிக்கிறான்" என்று சொல்வாள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் திட்டு வாங்காமல் பாஸ் பண்ணினவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கே வாரத்துக்கு இரண்டு தடவை கிடைக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைநாளில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நடக்கலாம், தடி ஊன்றி நடக்கலாம், ஆனால் படி ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். வளைந்த படியை ஞாபகப்படுத்துகிற பார்வை அது.

மெஷின்களைக் கீழே இறக்கிவிடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். கீழே இருப்பது ஒரு ஹால், ஒரு சின்ன அறை, சமையலறை. பன்னிரண்டு மெஷினைக் கீழே கொண்டுவந்தால் நாங்கள் இரண்டு பேரும் மேலே குடிபோக வேண்டியதுதான். அதற்கும் படி ஏற வேண்டும். அதனால் எங்களிடம் படித்து எங்களிடமே வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். என் மனைவி ஹாலில் கட்டிலில் படுத்தபடி மேலே கேட்கும் சத்தத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். நானும் வாலண்டரி ரிடையர்மென்ட் வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டேன்.

ஒரு நாள் மூன்று மாணவர்கள், "மேடம், நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்று பிரம்பு நாற்காலியோடு வந்தார்கள். ஆசையில் அவளும் உட்கார்ந்துவிட்டாள். நேராகப் போகும் வரை ஒன்றும் இல்லை. வளைவில் உள்பக்கத்துப் படிகள் குறுகலாக இருக்கும். அந்தப் பக்கம் பிடித்தவனுக்குக் கால் வைக்க இடமில்லாமல் நாற்காலி சாய்ந்தது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. பத்திரமாகத்தான் இறக்கினார்கள். ஆனால் அன்றைக்கே அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. இன்னிக்கு என்னைத் தூக்கின பையனை நாளைக்கு நான் எப்படித் திட்டுறது?"

அந்தச் சமயத்தில் பெருங்களத்தூரில் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த ஒருவர் ஆப்பிள் பையோடு உடம்பு விசாரிக்க வந்தார். விசாரித்துவிட்டு, மெஷின்களை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான் மேடம், நீங்களும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவீங்க" என்றார். இதற்கிடையே, வகுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் மனைவி இரண்டு நாள் பழைய அட்மிஷன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை காபி குடிக்கும்போது சொன்னாள்.

"புது பேட்ச் ஆரம்பிக்கிற அன்னிக்கு நான் மேல இருந்தா நடத்துவேன். இல்லன்னா குடுத்துடலாம். சும்மா இழுத்துட்டு இருக்க வேணாம்."

புது பேட்ச்சுக்கு மூன்று மாதம் இருந்தது.

லண்டனில் இருந்த அவளுடைய தம்பிக்கு எழுதினேன். அவன் வழவழவென்று ஒரு புத்தகம் அனுப்பினான். அதில் வெள்ளைக்காரக் கிழவிகள் நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே மாடி ஏறினார்கள். படியோரமாக ஒரு தண்டவாளம், அதில் ஓடும் ஒரு நாற்காலி, கைப்பிடியில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். நான் ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் எல்லாப் படமும் நேர்ப் படி. வளைந்த படிக்கு வீட்டுக்கு வீடு அளவெடுத்துத் தனியாகத் தண்டவாளம் செய்ய வேண்டுமாம். கெட்டுப்போனால் பார்க்க இங்கே ஆளும் கிடையாது. புத்தகத்தை மூடும்போது என் மனைவி, "அந்த ஊர்லயும் புத்தி உள்ளவங்க நேராத்தான் படி கட்டுறாங்க" என்றாள்.

குரோம்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் இருந்தார். குடோன்களுக்கு மூட்டை தூக்கும் லிஃப்ட் செய்கிறவர். புத்தகத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூட்டைய ஏத்தறோம், டீச்சரம்மாவ ஏத்த மாட்டமா? செஞ்சிர்லாம் சார். மூட்டைக்கு பயம் கெடையாது, அவுங்களுக்கு கீது. அத்த மட்டும் பாத்துக்கணும்."

அந்த வார்த்தையில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார். முதலில் தண்டவாளம் உள்பக்கமா சுவர்ப்பக்கமா என்று எங்களுக்குள் சண்டை. உள்பக்கம் என்றால் பைப் குறைவாகச் செலவாகும். ஆனால் வளைவு அங்கே சட்டென்று திரும்பும், நாற்காலியும் வெடுக்கென்று திரும்பும். சுவர்ப்பக்கம் என்றால் தூரம் அதிகம், ஆனால் மெதுவாகத் திரும்பும். பிள்ளைகள் ஏறி இறங்கவும் இடம் இருக்கும். அவர் ஒரு பச்சை நிற ஹோஸ் பைப்பை எடுத்துப் படியோரமாகச் சுவரை ஒட்டி மேலே வரை படுக்க வைத்தார். வளைவின் அளவு அதில் அப்படியே கிடைத்தது. "உயரத்த நீங்க போட்டுக் குடுங்க சார், நீங்கதான் டிராயிங் ஆளாச்சே" என்றார்.

அது போதாதா எனக்கு? இரண்டு நாள் உட்கார்ந்து, பெரிய தாளில், கறுப்பு மையில், பத்தொன்பது படியையும் வரைந்தேன். ஒரு படியை ஸ்கேல் வைத்து அளந்தேன், ஆறரை அங்குலம். பத்தொன்பதால் பெருக்கினேன். கீழே கையெழுத்து போட்டேன். இருபத்தைந்து வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமாக நான் வரைந்ததே இல்லை என்று தோன்றியது. மனைவியிடம் காட்டினேன். "அழகா இருக்கு" என்றாள். அவளுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது.

பட்டறைக்காரர் இரும்புக் குழாய்க்குள் மணலை அடைத்து, சூடுபடுத்தி, ஹோஸ் காட்டிய வளைவுக்கு வளைத்தார். நான் தினமும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அவருக்குப் பேஜாராகிவிட்டது. "சார், நீங்க வூட்லயே இருங்க, நான் ஆளனுப்பறேன்" என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

நாற்காலிக்காகவும் நிறைய அலைந்தோம். மூடிப்போன ஒரு தியேட்டரின் நாற்காலியை முதலில் கொண்டுவந்தார். எழுந்தவுடன் தானே மடங்கிக்கொள்ளும். படியில் இடத்தை அடைக்காது. ஆனால் தாழ்வாக இருந்தது. இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் தாழ்வாக உட்காரக் கூடாது, முட்டி இடுப்பைவிடக் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, இரண்டு பக்கமும் கை வைத்து, இடுப்புக்குப் பெல்ட்டும் போட்டோம். மேலே போய் நின்றதும் நாற்காலி மாடிப்பக்கம் திரும்பி "டக்"கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், படியைப் பார்த்தபடி அவள் எழுந்து நிற்கவே கூடாது என்று நான் சொன்னேன். பட்டறைக்காரர் என் யோசனைகளிலேயே அதை மட்டும்தான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். அதற்கு ஒரு காலிங் பெல் சுவிட்சைப் போட்டார்.

தண்டவாளத்தைப் பொருத்திய நாள் நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். நாற்காலி காலியாக ஏறியது. வளைவில் அழகாகத் திரும்பியது. மேலே போய் நின்றது. நின்ற இடத்தில் கால் வைக்கிற பலகை தரைக்கு மேலே மூன்றரை அங்குலத்தில் தொங்கியது.

நானும் பட்டறைக்காரரும் டேப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். குழாய் நீண்டுவிட்டது என்றேன் நான். தாளில் போட்ட அளவுதான் என்றார் அவர். சூட்டில் இரும்பு நீளும் என்று நான் ஆரம்பித்தபோது, கீழே ஹாலிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, கடைசிப் படியையும் ஆறரைன்னு கணக்கு போட்டீங்களா?"

"எல்லாப் படியும் ஆறரைதானே" என்றேன்.

"அது லாபத்துக்குப் போட்ட படியாச்சே. மூணு அங்குலம்தான். பன்னண்டு வருஷமா என் ஸ்டூடண்ட்ஸ் அத்தனை பேரும் அதுலதான் தடுக்கி விழுறாங்க."

பட்டறைக்காரர் டேப்பைச் சுருட்டினார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "லாபத்த வுட்டுட்டீங்க சார்" என்றார். நான் போய் அந்தப் புதுச் சட்டையைக் கழற்றி மாட்டினேன். மானம் போனது போனதுதான். தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்த் திருத்திக் கொண்டுவர இரண்டு வாரம் ஆயிற்று. புது பேட்ச்சுக்குப் பத்து நாள்தான் பாக்கி.

அதன் பிறகு கனம் தாங்குகிறதா என்று பார்க்க, சிமெண்ட் மூட்டை ஒன்றை உட்கார வைத்தோம். மேலே இன்னொரு மூட்டையில் பாதியை வைத்தார் பட்டறைக்காரர். "என் வெயிட்ட ஊருக்கே சொல்லியாச்சா?" என்றாள் என் மனைவி. ஆனால் அவளே தடியை ஊன்றிப் போய், பீரோவிலிருந்து ஒரு பழைய வாயில் புடவையை எடுத்து வந்து கொடுத்தாள்.

"இதைக் கட்டி ஏத்திப் பாருங்க. நான் என்ன பேண்ட் போட்டுக்கிட்டா போகப் போறேன்?"

எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. லண்டன் புத்தகத்தில் எந்தக் கிழவியும் புடவை கட்டியிருக்கவில்லை. மூட்டைக்குப் புடவை சுற்றி, முந்தானையைத் தொங்கவிட்டோம். மேலே வகுப்பை விட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சிமெண்ட் மூட்டை கல்யாணப் பெண் மாதிரி ஆடாமல் அசையாமல் ஏறியது. வளைவில் முந்தானை காற்றில் ஆடித் தண்டவாளத்தின் அடியில், மோட்டாரின் சக்கரம் பிடித்து ஏறுகிற பல் பட்டையில் சிக்கியது. அடுத்த நொடியில் புடவையை மொத்தமாக உள்ளே இழுத்துக் கிழித்துவிட்டது. மூட்டை முன்னால் சாய்ந்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பட்டறைக்காரர் போய், பல் பட்டை முழுவதையும் மூடித் தகரத்தில் கவசம் அடித்துக்கொண்டு வந்தார். கால் பக்கத்திலும் இரண்டு புறமும் தகரம் வைத்தார். மறுபடியும் புடவை, மறுபடியும் மூட்டை. எட்டு தடவை ஏற்றி இறக்கினோம். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

புது பேட்ச் திங்கட்கிழமை. அன்று காலை வகுப்பை எட்டு மணிக்கு வைத்திருந்தாள். பட்டுப் புடவை இல்லை, வழக்கமான காட்டன் புடவை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். பெல்ட்டை அவளே போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் ஏறி வருகிறேன் என்றேன். "நீங்க கீழயே நில்லுங்க" என்றாள். பொத்தானை அழுத்தினாள். நாற்காலி ஏறத் தொடங்கியது.

வளைவுக்குப் போனதும் கரண்ட் போய்விட்டது.

மோட்டார் சத்தம் நின்றது. நாற்காலி அங்கேயே நின்றது. கரண்ட் போனால் இறங்காமல் நிற்கும்படிதான் செய்திருந்தோம். நாற்காலிக்குப் பின்னால் ஒரு கைச் சக்கரமும் வைத்திருந்தார் பட்டறைக்காரர். ஆனால் அதைச் சுற்றினால் கீழே இறக்கத்தான் முடியும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது மேலே ஏற்ற முடியாது. நான் ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்தேன்.

"எறக்கிடட்டுமா?"

"வேணாம்."

"கரண்ட் எப்ப வரும்னு தெரியாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் முன்பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "இப்ப எறங்கினேன்னா நான் மறுபடி ஏற மாட்டேங்க. எனக்கு என்னைத் தெரியும்."

அவள் குரல் லேசாக உடைந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பயப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். மேலேயிருந்து நாலைந்து பிள்ளைகள், "மேடம், நாங்க வந்து தூக்கிடுறோம்" என்று இறங்கத் தொடங்கினார்கள்.

"யாரும் எறங்கக் கூடாது" என்றாள். பிறகு, "உங்க மெஷினுக்கெல்லாம் கரண்ட் வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் மேடம்" என்றது ஒரு குரல்.

"அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க? போய் உக்காருங்க. பழைய பேட்ச் எல்லாம் ஸ்பீட் டெஸ்ட். புதுசா வந்தவங்க பேப்பரை மாட்டி ஏ எஸ் டி எஃப். கீபோர்டைப் பாக்கக் கூடாது."

வளைவில் அந்தரத்தில் உட்கார்ந்தபடியே அவள் வகுப்பை நடத்தினாள். அவளுக்கு மேலே ஒருவரும் தெரியவில்லை. அவர்களுக்கும் அவள் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான். பன்னிரண்டு மெஷினும் அடித்தன. "மூணாவது மெஷின், ஸ்பேஸ் பார்ல கட்டை விரல்" என்பாள். "ஒன்பது, யாரும்மா அது, மெதுவா, அதுக்கும் உயிர் இருக்கு" என்பாள். புதிதாக வந்த பெண் ஒருத்தி, மேடம் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று பயந்து, எழுந்து கதவு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் ஒரு படி கீழே உட்கார்ந்து என் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. வராண்டா விளக்கு எரிந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பொத்தானை அழுத்தினாள். நாற்காலி வளைவைச் சுற்றிக்கொண்டு போனது. முதலில் அவள் கால் மறைந்தது, பிறகு கொண்டை. மேலே "டக்"கென்று பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு தடி ஊன்றுகிற சத்தம். மெஷின் சத்தமெல்லாம் நின்று, நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. எல்லோரும் எழுந்து நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் போய்ப் பார்க்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு இறங்கி வருவாள் என்று சாதம் வடித்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்தேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஒன்றும் ஆகிவிட்டது. படிக்கடியில் நின்று கூப்பிட்டேன்.

"நீங்க சாப்பிடுங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. "எனக்கு இன்னும் ரெண்டு பேட்ச் இருக்கு."

எட்டு மாதமாக மூன்று வேளையும் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டிருந்தோம். வேலைக்குப் போன காலத்தில் அது நடந்ததே இல்லை. அவள் மேலே போக வேண்டும் என்று மூன்று மாதம் அலைந்தேனே தவிர, போய்விட்டால் கீழே நான் மட்டும்தான் இருப்பேன் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஒரே இரைச்சல். ரசத்தில் உப்பு இல்லை. எழுந்து போய் எடுக்கத் தோன்றாமல் அப்படியே சாப்பிட்டேன்.